கை பட்ட வண்டி

உங்களிடம் கார் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்கூட்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின், குறைந்தபட்சம் ஒரு செல்போன் இருக்கும். அதை என்றைக்காவது ரிப்பேருக்குக் கொடுத்திருப்பீர்கள். திரும்பி வந்து நாலு நாள் சமர்த்தாக ஓடி, ஐந்தாம் நாள் வேறு எதற்காகவோ படுத்துக்கொண்டிருக்கும். அப்போது உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் என்ன என்று நான் சொல்லட்டுமா?

'அவன்கிட்ட கொடுக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தது!'

நானும் அதைத்தான் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். சொன்னது சரியா என்று யோசிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த யோசனையைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நடந்தது இதுதான். பதினொரு வருஷப் பழைய கார். ஏ.சி. போட்டால் வெந்நீர் ஆவி மாதிரி ஒரு காற்று வரும். வழக்கமான மெக்கானிக் ஷெட்டில் வியாழக்கிழமை விட்டேன். ஷெட்டின் பெயரும் வேண்டாம், சொந்தக்காரர் பெயரும் வேண்டாம். பேட்டை முழுக்க அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. உள்ளே ஊட்டி! பணம் கொடுத்துவிட்டு சந்தோஷமாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். சுங்குவார்சத்திரம் தாண்டியபோது டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் ஏறியிருப்பதைப் பார்த்தேன். இந்தப் 'பார்த்தேன்' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

''நிறுத்தித்தான் பாருங்களேன்'' என்றாள் மனைவி.

''முகூர்த்தம் போயிடும். இன்னும் கொஞ்ச தூரந்தானே?'' என்றேன்.

எட்டு கிலோமீட்டர் ஓடியது. அப்புறம் பானெட்டுக்குள்ளிருந்து இட்லி குண்டான் திறந்தாற்போல வெள்ளைப் புகை. வண்டி நின்றது. முகூர்த்தமும் போனது.

மரத்தடியில் நின்றுகொண்டு பாய்க்கு போன் போட்டேன். ''என்ன பாய், ஏ.சி. பார்க்கச் சொன்னா என்ஜினையே காலி பண்ணிட்டீங்களே!''

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ''எங்க இருக்கீங்க சார்? வர்றேன்'' என்றார்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு, தம்பிக்கு, அடுக்குமாடி அசோசியேஷன் செயலாளருக்கு என்று வரிசையாக போன் செய்து பாயின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த அசோசியேஷனில் ஏழெட்டு வண்டிகள் அவரிடம்தான் சர்வீஸுக்குப் போகின்றன. போய்க்கொண்டிருந்தன.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது இது. ரேடியேட்டரின் அடியில் இருக்கும் ரப்பர் ஹோஸ், கிளிப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கிழிந்திருந்தது. வழியெல்லாம் கூலன்ட் ஒழுகிப் போயிருக்கிறது. என்ஜினைக் குளிர வைக்கத் தண்ணீர் இல்லை. சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. உதிரி பாகங்களும் லேத்தில் ஹெட்டைச் சமன் செய்யும் செலவும் சேர்த்து ரூ.14,000. பாயின் லேபர் ரூ.9,000.

'ஏ.சி.க்கும் அந்த ஹோஸுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஏ.சி.யின் கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். என் வண்டியில் அதை வெளியே எடுக்க ரேடியேட்டரை நகர்த்த வேண்டும். நகர்த்த அந்த ஹோஸைக் கழற்ற வேண்டும். கழற்றினார்கள். திரும்ப மாட்டினார்கள்.

ஆக, கை பட்டிருக்கிறது. குற்றவாளி ரெடி. தீர்ப்பு எழுதிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள்.

நம்மூரில் ஒரு பழைய கதை உண்டு. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையா காரணம்? பழுத்த பழம் அன்றைக்கு எப்படியும் விழுந்திருக்கும். ஆனால் கீழே நிற்பவன் கண்ணில் படுவது காக்கைதான். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால், ஒன்றால் இன்னொன்று நடந்ததாக நினைப்பது மனசின் பழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் ஹ்யூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைத் தலைகீழாக நின்று யோசித்தார். ஒரு பந்து இன்னொரு பந்தில் மோதுகிறது. இரண்டாவது பந்து ஓடுகிறது. நாம் பார்ப்பது முதலில் இது, பிறகு அது என்பதை மட்டும்தான். 'காரணம்' என்ற ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, அதை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம் என்றார்.

மெக்கானிக்குகள் ஹ்யூமைப் படித்ததில்லை. ஆனால் எல்லா மெக்கானிக்குகளும் ஹ்யூமின் சீடர்கள். ''சார், இது வேற, அது வேற சார்!'' என்ற அவர்களின் நிரந்தர வசனம் அந்தத் தத்துவத்தின் சுருக்கம்தானே!

அதற்காக எல்லாவற்றையும் காக்கை கணக்கில் எழுதிவிட முடியாது. இங்கிலாந்தில் 1863-ல் ஒரு வழக்கு. லிவர்பூல் நகரில் ஒருவர் தெருவில் தன் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். மாவு வியாபாரியின் கிடங்கு மாடியிலிருந்து ஒரு பீப்பாய் மாவு அவர் மேல் விழுந்தது. மேலே யார் என்ன செய்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. சாட்சியும் இல்லை. 'கடைக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்பதை நிரூபி' என்றால் எப்படி நிரூபிப்பார்? நீதிபதிகள் யோசித்தார்கள். யாருடைய கவனக்குறைவும் இல்லாமல் மாவு பீப்பாய் தானாக ஜன்னல் வழியே குதிக்காது. எப்படி விழுந்தது என்று இனி கடைக்காரர்தான் விளக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 'விஷயமே பேசுகிறது' என்று லத்தீனில் ஒரு கோட்பாடு. ரெஸ் இப்ஸா லாக்விட்டர். நம்மூர் நீதிமன்றங்களிலும் இது செல்லும்.

இன்றைக்கு டயர் மாற்றினீர்கள். நாளைக்குச் சக்கரம் கழன்று தனியாக உங்களை ஓவர்டேக் செய்கிறது என்றால், அது பனம்பழம் இல்லை. மாவு பீப்பாய். நட்டை முடுக்க மறந்தவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இன்றைக்கு டயர் மாற்றி, நாளைக்கு ஹாரன் அடிக்கவில்லை என்றால் அது காக்கை.

பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன. அங்கே நான் என்னையே கேட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்ட கேள்விகள் மூன்று. கெட்டுப்போன இடமும் கை பட்ட இடமும் ஒன்றா, அல்லது ஒட்டியிருப்பவையா? ரிப்பேருக்கும் கோளாறுக்கும் இடையில் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர்? மூன்றாவது, முக்கியமானது: வேலை தெரிந்த ஒரு நிதானமான ஆள் இதை முன்கூட்டியே கவனித்திருக்க முடியுமா?

என் வழக்கை வைத்துப் பாருங்கள். இடம்? ஒட்டியிருக்கிறது. நாள்? இரண்டே நாள். கவனித்திருக்க முடியுமா? பதினொரு வருஷ ரப்பர். கழற்றிய கைக்கு அது விறைத்துப் போனது தெரிந்திருக்கும். மூன்றிலும் பாய் மாட்டிக்கொள்கிறார். நானும் அன்றைக்கு இப்படித்தான் எண்ணினேன். ஆனால் இந்த மூன்று கேள்விகளையும் மெக்கானிக்கை மட்டும் நிற்க வைத்துக் கேட்டால் போதாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். காரணம் வேறு, தவறு வேறு. நாம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஏ.சி. ஓடாத வரை என் என்ஜினுக்குச் சுமை குறைவு. ஏ.சி. சரியானதும் கம்ப்ரஸரை இழுக்கிற வேலை என்ஜினுக்குக் கூடுகிறது. கண்டென்ஸர் கக்கும் வெப்பமும் ரேடியேட்டரின் முகத்தில் அடிக்கிறது. உள்ளே பாதி அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், ஏ.சி. இல்லாமல் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டியிருக்கும். ஏ.சி. சரியான அன்றைக்குத் தன் வயசைக் காட்டிவிடும். அப்படி ஒரு வண்டி படுத்தால், ஏ.சி. ரிப்பேர்தான் காரணம். ஆனால் ஏ.சி. ரிப்பேர் செய்தவர் ஒரு தவறும் செய்யவில்லை. தவறில்லாத காரணம்!

எதிர்ப்பக்கமும் உண்டு. பையன் கிளிப்பைச் சரியாக முடுக்கவில்லை. ஆனால் வண்டி நின்றது பேட்டரி செத்ததால். அங்கே தவறு இருக்கிறது, காரணம் இல்லை. அந்தத் தவறு யாருக்கும் தெரியாமலே போய்விடும். அவன் நல்ல வேலைக்காரன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவான்.

சட்டம் இதற்கெல்லாம் என்ன சொல்கிறது? நிறையவே சொல்கிறது. வண்டியை ஷெட்டில் விட்ட நிமிஷம் அது அவர்கள் பாதுகாப்பில் ஒப்படைத்த பொருள். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு, ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. 'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்' என்று சுவரில் பெயின்ட் அடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள் அல்லவா? 2019-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு நட்சத்திர ஓட்டலில் சாவியை வாங்கிக்கொண்டு நிறுத்திய கார் திருடு போய்விட்டது. டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சடித்திருந்தும், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் அதைக் காட்டித் தப்ப முடியாது என்று தீர்ப்பானது.

வேலை சரியில்லை என்றால் அது 'சேவைக் குறைபாடு'. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ல் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள், புகார் கொடுக்கலாம். ஆனால் குறைபாடு இருந்தது என்று காட்டும் வேலை பொதுவாக உங்களுடையது. அதற்கு வேண்டியது உரத்த குரல் இல்லை, காகிதம். என்ன வேலை சொன்னீர்கள் என்ற ஜாப் கார்டு, பில், கழற்றிய பழைய பாகம், கோளாறு வந்த பிறகு பிரிப்பதற்கு முன்னால் எடுத்த நாலு போட்டோ, முடிந்தால் இன்னொரு மெக்கானிக் எழுத்தில் கொடுத்த அபிப்பிராயம். பிரித்துப் போட்ட என்ஜினிடம் எந்த நீதிபதியும் வாக்குமூலம் வாங்க முடியாது.

சட்டம் இன்னொன்றையும் கேட்கும். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவில் ஓர் ஓரமாக இருக்கிறது. நஷ்டம் கூடாமல் தடுக்க உங்கள் கையில் என்ன வழி இருந்தது?

என் கையில் ஒரு சாவி இருந்தது. அதைத் திருப்பி என்ஜினை அணைத்திருந்தால், நஷ்டம் ஒரு ஹோஸும் கொஞ்சம் கூலன்ட்டும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்காது. முள் ஏறியதை நான் 'பார்த்தேன்' என்று சொன்னேன் இல்லையா? ஹோஸ் கிழிந்தது யாரால் என்பது வேறு கேள்வி. ஹெட் வளைந்தது யாரால் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

சரி, முதல் கேள்வி?

ஷெட்டில் அந்த ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்த பாய், அதைக் கழற்றி மாட்டிய பையனைக் கூப்பிட்டார். மீசை அப்போதுதான் கறுக்க ஆரம்பித்திருந்த பையன். ''கிளிப்பை எவ்வளவு டைட் வெச்சே?'' என்றார். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் ஒரு அறை விட்டார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஒரு மாதிரி திருப்தியாகக்கூட இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பையன் அளவுக்கு மீறி முடுக்கி, கிளிப் ரப்பரை அறுத்ததா? அல்லது சரியான அளவில் முடுக்கியும் பதினொரு வருஷ ரப்பர் தாங்கவில்லையா? இன்று வரை தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கன்னம் மட்டும் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கவனித்திருக்கிறீர்களா? பாராட்டு எப்போதும் மேலே ஏறும். பழி எப்போதும் கீழே இறங்கும். இறங்கி இறங்கி, அதற்குக் கீழே ஆள் இல்லாத ஒருவன் மேல் போய் உட்காரும்.

இரண்டு பையன்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவரும் ஒரே நாளில், ஒரே மாதிரி, பிரேக் பைப் நட்டை முடுக்க மறக்கிறார்கள். ஒரு வண்டி ஷெட் வாசலிலேயே எண்ணெய் ஒழுக்கி நிற்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள், டீ வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். இன்னொரு வண்டி ஏற்காடு மலையிலிருந்து இறங்குகிறது. அந்தப் பையன் ஆயுசுக்கும் தூங்க மாட்டான். மறதி ஒன்றுதான். விளைவைத் தீர்மானித்தது அவர்கள் இல்லை, சாலை. அப்படியென்றால் இரண்டாவது பையன் முதல் பையனைவிடக் கெட்டவனா? 1976-ல் இங்கிலாந்தின் பெர்னார்ட் வில்லியம்ஸும் அமெரிக்காவின் தாமஸ் நேகலும் இந்தக் குழப்பத்துக்கு 'அறத்தில் அதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்தார்கள். 'இல்லை, இருவரும் சமம்' என்கிறது புத்தி. மனசு ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

வில்லியம்ஸ் சொன்ன உதாரணம் ஒன்று. ஒரு லாரி டிரைவர். ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார். ஒரு தவறும் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தை குறுக்கே வந்து அடிபட்டுவிடுகிறது. 'உங்க மேல தப்பே இல்லைங்க' என்று எல்லாரும் அவரைத் தேற்றுவார்கள், தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர், 'ஆமாம், என் மேல தப்பு இல்லை' என்று உடனே சமாதானமாகிச் சாப்பிடப் போய்விட்டால்? நமக்கே அவர் மேல் என்னவோ மாதிரி இருக்கும், இல்லையா? தப்பு இல்லாத இடத்திலும் ஒரு சுமை இருக்கிறது. நல்லவன் அதைக் கீழே வைக்க மாட்டான்.

இந்த இடத்தில் தமிழைக் கொஞ்சம் மெச்சிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் பொறுப்புக்கு இருக்கும் சொல், 'பதில் சொல்வது' என்பதிலிருந்து பிறந்தது. யாரோ கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நம்முடைய 'பொறுப்பு', 'பொறு' என்ற வேரிலிருந்து வருகிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். பொறுமையும் அதே வேர்தான். மன்னிப்பதையும் 'பொறுத்துக்கொள்' என்கிறோம். பழி என்பது அடுத்தவன் தலையில் ஏற்றுவது. பொறுப்பு என்பது தன் தோளில் ஏற்றிக்கொள்வது. யாரும் யார் மேலும் பொறுப்பைச் 'சுமத்த' முடியாது; சுமத்தினால் அது பழியாகிவிடும்.

ஏறக்குறைய 3,750 வருஷங்களுக்கு முன்னால் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில் இரண்டுமே இருக்கின்றன. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால், கட்டியவனுக்கு மரண தண்டனை. இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கொஞ்சம் தள்ளி இன்னொரு சட்டம் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. படகின் இடுக்குகளை அடைத்துக் கொடுத்தவன் வேலையைச் சரியாகச் செய்யாமல், அந்த ஒரு வருஷத்துக்குள் படகில் கோளாறு தெரிந்தால், அவனே அதைப் பிரித்து, தன் செலவில் உறுதியாக்கித் திருப்பித் தர வேண்டும். ஒரு வருஷ வாரன்டி! முதல் சட்டம் 'யாரைத் தண்டிப்பது?' என்று கேட்கிறது. இரண்டாவது சட்டம் 'யார் சரிசெய்வது?' என்று கேட்கிறது. எனக்கு வயசாக வயசாக இரண்டாவதைத்தான் பிடிக்கிறது. முதல் கேள்வியில் ஒருவன் போய்ச் சேர்வான். வீடு இடிந்தபடியே கிடக்கும். இரண்டாவதில் படகு மிதக்கும்.

பாய் இரண்டாவது சட்டக்காரர். பையனை அறைந்ததைத் தவிர. அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம், ''கிளிப்பா ரப்பரான்னு எனக்கே சொல்லத் தெரியலை சார். ஆனா என் கை பட்ட வண்டி. பார்ட்ஸ் காசு மட்டும் கொடுங்க, லேபர் வேணாம்'' என்றார்.

நான் பெரிய மனசோடு ஒப்புக்கொண்டேன். ஒன்பதாயிரம் மிச்சம். 'தப்பு அவன் மேல. அதான் இறங்கி வந்துட்டான்' என்று தம்பியிடம் சொன்னேன். பாருங்கள், ஒரு மனிதன் சுமக்க முன்வந்தால் அதையே நாம் ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொள்கிறோம். அதனால்தான் புத்திசாலிகள் யாரும் முன்வருவதில்லை. 'ஸாரி' என்று சொன்னால் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படும் டாக்டர், வாத்தியார், கான்ட்ராக்டர், அதிகாரி... எல்லாரையும் அப்படி ஆக்கியதில் நமக்குப் பங்கு இல்லையா?

மூன்று மாதம் கழித்து இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தேடி டாஷ்போர்டு டிராயரைக் குடைந்தேன். மடித்த ஒரு மஞ்சள் காகிதம் கிடைத்தது. ஏ.சி. வேலைக்கு ஆறு மாதம் முந்தைய சர்வீஸின்போது பாய் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட். ஐந்து ஐட்டம். ஆயில், ஃபில்டர், பிரேக் ஷூ. நாலாவது: 'ரேடியேட்டர் கிளீனிங்'. ஐந்தாவது: 'பாட்டம் ஹோஸ் - பழசு, மாத்தணும் - ரூ.600'. நாலாவதும் ஐந்தாவதும் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. என் பேனா. பக்கத்தில் என் கையெழுத்தில், 'அடுத்த சர்வீஸில்'.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. 'பில்லை ஏத்தப் பார்க்கிறார்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் அடித்தேன். எங்கேயோ சில ஷெட்டுகளில் தேவையில்லாததையெல்லாம் மாற்றிப் பணம் பிடுங்கியிருப்பார்கள். அந்தப் பொய்களின் விலையை, உண்மை சொன்ன ஒருவர் கட்டினார்.

பாய் மேல் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை ஹோஸைக் கழற்றியபோது, 'சார், இது தாங்காது, இப்பவாவது மாத்திடலாம்' என்று ஒரு போன் செய்திருக்கலாம். வேலை தெரிந்தவரின் கடமை அது. செய்யவில்லை. ஆனால் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆக, கணக்கு இப்படி வருகிறது. ஹோஸ் பழசானது காலத்தின் வேலை. அதை மாற்ற விடாதது நான். மறுபடி எச்சரிக்காமல் மாட்டியது பாய். முடுக்கியதில் பிசகியிருக்கலாம், பையன். முள்ளைப் பார்த்தும் ஓட்டியது நான். இதில் அறை வாங்கியது ஒருவன், பெயர் கெட்டது ஒருவருக்கு, ஒன்பதாயிரம் லாபம் எனக்கு.

காகிதத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போக எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. தைரியம் வர வேண்டாமா? பாய் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார்.

''தெரியும் சார். நான்தானே எழுதினேன்'' என்றார்.

''அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய்?''

''நடுரோட்டுல குடும்பத்தோட நிக்கிறீங்க. அப்போ போய் நீங்கதான் வேணாம்னீங்கன்னு சொல்றதா? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம்...'' சிரித்தார். ''விட்டுட்டேன்.''

பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். ''ஹோஸைப் பார்த்துட்டும் மாட்டினேன்ல. அது என் பங்கு'' என்றார். நான் வக்கீல் வைத்து, ஆணையத்தில் இரண்டு வருஷம் அலைந்திருந்தாலும் இதைவிடச் சரியான தீர்ப்பு கிடைத்திருக்காது.

அந்தப் பையனைப் பற்றி விசாரித்தேன். அந்த மாசமே வேலையை விட்டுப் போய்விட்டானாம். எங்கே என்று பாய்க்குத் தெரியவில்லை. அவனிடம் கொடுக்க வேண்டிய என் பங்கு இன்னும் என்னிடமே இருக்கிறது.

அசோசியேஷன் செயலாளருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ''அப்படியா சார்? நாங்கள்லாம் அப்பவே வேற ஷெட்டுக்கு மாத்திட்டோமே'' என்றார். பழி சொல்ல இரண்டு மணி நேரம் போதும். அதைத் திரும்ப எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வண்டி படுத்தால், அது நாளைக்கே நடக்கலாம், தாராளமாகக் கோபப்படுங்கள். பில்லை எடுங்கள், பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், நியாயம் இருந்தால் ஆணையத்துக்கும் போங்கள். ஏமாற்றுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த முதல் போனைப் போடுவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை டாஷ்போர்டு டிராயரைத் திறந்து பாருங்கள்.